பட்டர்வொர்த்தில் இறங்கும் கணக்கு

2020 ஜனவரி 20 அன்று பினாங்கு துறைமுகத்தின் பட்டர்வொர்த் கரையில், அப்போது மலேசியாவின் சுற்றுச்சூழல் துறையைக் கவனித்துவந்த அமைச்சர் இயோ பீ யின் ஒரு கணக்கை அறிவித்தார். சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்த பிளாஸ்டிக் கழிவில் 150 கொள்கலன்கள், மொத்தம் 3,737 டன், 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42, அமெரிக்காவுக்கு 17, கனடாவுக்கு 11, ஸ்பெயினுக்கு 10. மீதி போன நாடுகளின் பட்டியலில் ஜப்பானும் சிங்கப்பூரும் இருந்தன. வங்கதேசமும் இலங்கையும்கூட இருந்தன. உலகத்தின் குப்பைமேடாக மலேசியா இருக்காது என்று அவர் சொன்னது பல நாடுகளில் செய்தியானது.

அந்தச் செய்தியில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. இப்படிப்பட்ட கழிவு ஐரோப்பாவில் கப்பலேறும்போது, அனுப்பும் நாட்டின் ஏட்டில் எந்தத் தலைப்பின் கீழ் பதிவாகிறது? பிரிட்டனைப் பொறுத்தவரை விடை உண்டு. அங்கே பொருள்களைப் பொட்டலமிட்டு விற்கும் நிறுவனங்கள், அந்தப் பொட்டலங்களில் குறிப்பிட்ட பங்கு மறுசுழற்சி ஆனதற்குச் சான்று காட்டியாக வேண்டும். உள்நாட்டு ஆலை உருக்கினாலும் சான்று கிடைக்கும். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தாலும் கிடைக்கும். அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2018-இல் இதை ஆராய்ந்தது. பொட்டலக் கழிவின் மறுசுழற்சி விகிதம் 1998-இல் 31 விழுக்காடு, 2017-இல் 64 விழுக்காடு என்று ஏடு சொன்னது. ஆனால் 2002-க்குப் பிறகு உள்நாட்டில் மறுசுழற்சியான அளவு ஏறவே இல்லை; ஏற்றுமதிதான் ஆறு மடங்கானது. மறுசுழற்சி ஆனதாகக் காட்டப்பட்டதில் ஏறக்குறைய பாதி கடல் கடந்து போனது. போய்ச் சேர்ந்த இடத்தில் அது என்னவானது என்பதற்குப் போதிய சரிபார்ப்பு இல்லை.

இனி, இறங்கும் கரையிலிருந்து பார்ப்போம். சுங்கப் பத்திரத்தில் பிளாஸ்டிக் கழிவுக்கும் துண்டு துணுக்குகளுக்கும் உள்ள எண் 3915. ஏறக்குறைய எல்லா நாட்டுச் சுங்கத் துறைகளும் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு வரிசையில் அது ஒரு வரி. அந்த வரியில் வந்தால் இறக்குமதி அனுமதி வேண்டும். பிடிபட்ட சரக்குகளில் அனுமதி தேவைப்படாத வேறு குறியீட்டை எழுதிக் கொண்டுவந்தவை நிறைய என்று அமைச்சகம் சொன்னது. எந்த எண்ணில் வந்தாலும் தேசியக் கணக்கில் அது தொழிற்சாலைக்கு வந்த மூலப்பொருள்தான். உருக்கிக் குருணையாக்கி விற்றால் கூடுதல் மதிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேரும். ஆலையில் வேலை பார்ப்பவர்களின் கூலியும் சேரும்.

அழுத்திக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பொதியைப் பிரித்தால் உள்ளே ஒரே வகைப் பொருள் இருப்பது அபூர்வம். தண்ணீர்ப் போத்தல் இருக்கும். அதற்கு விலை உண்டு. அதனோடு தயிர்க் கோப்பைகள், உணவு ஒட்டிய தாள்கள், இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கை அடுக்கி ஒட்டிய உறைகள். கையால் பிரித்துக் கழுவ வேண்டும். கழுவிய நீர் ஓடைக்குப் போகும். உருக்குவதற்கு லாயக்கில்லாத மிச்சத்தைப் புதைக்கலாம், எரிக்கலாம், காட்டோரம் கொட்டிவிட்டுப் போகலாம். சீனா 2018 ஜனவரியில் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், அதுவரை அங்கே போன கப்பல்கள் தென்கிழக்காசியப் பக்கம் திரும்பின. பினாங்கிலிருந்து வடக்கே சற்றுத் தொலைவிலுள்ள கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியிலும் சிலாங்கூரின் ஜென்ஜாரோமிலும் இரவில் பிளாஸ்டிக் எரியும் நெடி தாங்காமல் மக்கள் முறையிட்டார்கள். அந்தப் புகைக்கு எந்த நாட்டின் ஏட்டிலும் வரி இல்லை. அனுப்பிய நாட்டில் அந்த ஒரு டன் பசுமை முன்னேற்றம். வாங்கிய நாட்டில் அது தொழில் வளர்ச்சி. நடுவில் மூச்சுத் திணறியவர்களின் இழப்பு மட்டும் பதிவாகவில்லை. அவர்கள் மருத்துவரிடம் போயிருந்தால் அந்தக் கட்டணம்கூட வளர்ச்சிப் பக்கத்தில்தான் ஏறியிருக்கும்.

இந்த ஓட்டையை அடைக்க முயற்சிகள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆபத்தான கழிவு நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்துவது பாசல் உடன்படிக்கை; கலப்படமான பிளாஸ்டிக் கழிவையும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் திருத்தத்தை அதன் உறுப்பு நாடுகள் 2019 மே மாதம் ஏற்றன. அது 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கொழும்பிலிருந்து 2020 செப்டம்பரில் 21 கழிவுக் கொள்கலன்கள் பிரிட்டனுக்குத் திரும்பின. ஐரோப்பிய ஒன்றியம் தன் கணக்கு முறையையே மாற்றியது: திரட்டிய எடையை எண்ணாமல், மறுசுழற்சி எந்திரத்துக்குள் உண்மையில் போகும் எடையை எண்ண வேண்டும். மலேசியா 2025 ஜூலை முதல், பாசல் உடன்படிக்கையை ஏற்காத நாடுகளிலிருந்து 3915 சரக்கு வரக் கூடாது, மற்றவை அரசுத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் ஒப்புதலோடுதான் வர வேண்டும் என்று ஆக்கியது. இவற்றில் ஐரோப்பிய மாற்றம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது யாரையும் தண்டிக்கவில்லை; தராசை வைக்கும் இடத்தைத்தான் மாற்றியது. ஆனால் அந்த இடமாற்றத்தால் ஒரு நாட்டின் முன்னேற்ற விகிதமே இறங்கக்கூடும்.

ஒரு நாடு பசுமைப் பொருளாதாரத்தை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளக்கும் ஆசை புதியதல்ல. நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான சைமன் குஸ்னெட்ஸ் 1934-லேயே அமெரிக்க செனட்டுக்கு அளித்த அறிக்கையில், அந்த எண்ணைக் கொண்டு மக்களின் நல்வாழ்வை ஊகித்துவிட முடியாது என்று எச்சரித்தார். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2008-இல் பசுமைப் பொருளாதார முனைப்பைத் தொடங்கி, 2011-இல் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. மனித நல்வாழ்வும் சமூக நீதியும் கூட வேண்டும், சூழலியல் ஆபத்தும் பற்றாக்குறையும் குறைய வேண்டும் என்பதே அது தந்த வரையறை. இரண்டையும் ஒரே எண்ணில் பிடிப்பது எப்படி? ஐந்து ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட பசுமைப் பொருளாதார முன்னேற்ற அளவீடு ஒரு வழி சொன்னது. நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதைவிட, ஒரு நாடு தான் கிளம்பிய இடத்திலிருந்து தன் இலக்கை நோக்கி எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது. எந்தத் துறையில் நாடு மோசமாக இருக்கிறதோ அதில் ஏற்படும் மாற்றத்துக்குக் கூடுதல் எடை தருவது. குறியீட்டெண்ணுக்குப் பக்கத்திலேயே, பூமி தாங்கும் எல்லைகளை மீறுகிறோமா என்று காட்டும் தனி அட்டவணை ஒன்றையும் வைப்பது.

இந்த அமைப்பை நான் மதிக்கிறேன். குறிப்பாக, ஒரு நாட்டு மக்கள் நுகரும் பொருள்களுக்காக உலகில் எங்கெல்லாம் எவ்வளவு மண்ணும் கனிமமும் தோண்டப்பட்டன என்று தேடிக் கூட்டும் 'பொருள் தடம்' அதில் இடம்பெற்றது நல்ல முடிவு. எல்லைக்கு அப்பால் நடப்பதும் அந்த ஓர் அளவில் தெரிகிறது. ஆனால் அதே அளவீட்டில் பசுமை வணிகம் என்றொரு கூறும் உண்டு: ஏற்றுமதியில் சுற்றுச்சூழலுக்கு உதவும் பொருள்களின் பங்கு எவ்வளவு என்பது. இங்கே பினாங்கு மறுபடி குறுக்கே வருகிறது.

பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரம் 1972-இல் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான் அமைத்தது. அரை நூற்றாண்டில் மாநிலப் பொருளாதாரத்தில் கிட்டத்தட்டப் பாதி உற்பத்தித் துறையாகிவிட்டது. அதில் பெரும்பங்கு மின்னணுப் பொருள்கள். ஒளியுமிழ் டையோடு, அதாவது எல்.இ.டி. தயாரிப்பில் உலகப் பெயர் பெற்ற ஆஸ்ரம், லுமிலெட்ஸ் ஆகிய நிறுவனங்களுக்குப் பினாங்கில் ஆலைகள் உண்டு. பட்டர்வொர்த்துக்குக் கிழக்கே, கெடா எல்லைக்குள் இருக்கும் கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் சூரிய மின்தகடு செய்தது. ஆசிய பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஏபெக் 2012-இல் 54 சுற்றுச்சூழல் பொருள்களின் பட்டியலை ஏற்றது. அதில் சூரிய மின்தகடு 854140 என்ற சுங்கக் குறியீட்டின் கீழ் வருகிறது. அதே ஆறிலக்க எண்ணில்தான் எல்.இ.டி.யும் இருந்தது. 2022-இல் உலகச் சுங்க அமைப்பு குறியீடுகளைத் திருத்தியபோதுதான் சூரிய மின்கலமும் எல்.இ.டி.யும் தனித்தனி எண்களாயின.

இதன் விளைவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆறிலக்கப் புள்ளிவிவரத்தை மட்டும் எடுத்து மலேசியாவின் பசுமை ஏற்றுமதியைக் கூட்டியவருக்கு, வீட்டுக் கூரைக்குப் போன மின்தகடும் காரின் முன்விளக்குக்குப் போன எல்.இ.டி.யும் ஒரே வரியில்தான் கிடைத்திருக்கும். எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறதே, அதுவும் பசுமைதானே என்று கேட்கலாம். சில பயன்பாடுகளில் ஆம். விளம்பரப் பலகையில் இரவு முழுக்க எரிவதை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஏற்றுமதியான மின்தகடு கரி எரிப்பதைக் குறைப்பது வேறொரு நாட்டில். அதைச் செய்யச் செலவான மின்சாரமும் நீரும் ரசாயனமும் இங்கே. எனவே அது இந்த நாட்டின் தொழில் திறனுக்கு அளவுகோல் ஆகலாம்; இந்த நாட்டின் காற்றுக்கும் ஆற்றுக்கும் அளவுகோல் ஆகாது. இரண்டையும் ஒரே குறியீட்டெண்ணில் கலந்தால், ஒன்றின் உயர்வு மற்றதன் சரிவை மறைத்துவிடும்.

கரியமில உமிழ்வுக் கணக்கிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. மலேசியா 2021-இல் ஐ.நா.வுக்கு அளித்த உறுதியில், 2030-க்குள் உமிழ்வின் செறிவை 2005-ஐவிட 45 விழுக்காடு குறைப்பதாகச் சொன்னது. செறிவு என்றால் ஒரு ரிங்கிட் உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்பது. தொடக்கத்தில் பொருளாதாரம் 100, உமிழ்வு 100 என்று வைத்துக்கொள்வோம். பொருளாதாரம் 200 ஆகிறது; செறிவு 45 விழுக்காடு குறைகிறது. உமிழ்வு 110. இலக்கு முழுமையாக நிறைவேறியிருக்கும். வானத்துக்குப் போகும் கரியமில வாயு பத்து விழுக்காடு கூடியிருக்கும். வளரும் நாடுகள் இப்படிப்பட்ட இலக்கைத் தேர்ந்ததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. தொழில்மயமான நாடுகள் இருநூறு ஆண்டு எரித்துத் தீர்த்த பிறகு மற்றவர்களைப் பார்த்து நிறுத்தச் சொல்வது அநியாயம். ஆனாலும் செறிவு குறைந்ததை உமிழ்வு குறைந்ததாக எழுதும் செய்திக்குறிப்புகளை வாசகர்கள் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

குறியீட்டெண்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே பினாங்கில் ஒரு பசுமைத் தணிக்கை நடந்தது. அதை நடத்தியவர்கள் மீனவர்கள். பிறை தொழிற்பேட்டை வளர்ந்த 1970-களில் ஜூரு ஆற்றில் ஆலைக் கழிவு கலந்தது. ஆற்று முகத்திலிருந்த கோலா ஜூரு கிராமத்தில் மீன்பாடு விழுந்தது. மாநிலத்தின் தொழில் வளர்ச்சி ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. கிராமத்தவர் தங்கள் வலையில் விழுந்ததையும் விழாததையும் ஆதாரமாக வைத்து முறையிட்டார்கள். 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்றது. அந்தச் சங்கத்தை அரை நூற்றாண்டு வழிநடத்திய எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதில் பினாங்குக்கு வந்தவர். 2019 மே மாதம் காலமானார். 1977-இல் உருவான சகாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்கும் அவரே தலைவர். கோலா ஜூரு மீனவர்கள் பின்னாளில் கெராங் சிப்பி வளர்ப்புக்கு மாறிக் கூட்டுறவாகத் தொழில் நடத்தினார்கள். சேற்றில் வளரும் சிப்பிக்கு நீரில் கலந்ததெல்லாம் உடம்பில் ஏறும். அதைவிட நேர்மையான மாசு அளவீட்டுக் கருவி அந்தக் காலத்தில் அந்த ஆற்றங்கரையில் வேறெதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதே தணிக்கை இப்போது பினாங்குத் தீவின் தென்கரையில் நடந்துகொண்டிருக்கிறது. பெர்மாத்தாங் டாமார் லாவுட், தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல் ஊர்களுக்கு எதிரே கடலைத் தூர்த்து மூன்று செயற்கைத் தீவுகள், சுமார் 4,500 ஏக்கர், உருவாக்க மாநில அரசு திட்டமிட்டது. நிலத்தை விற்று வரும் பணத்தில் இலகு ரயிலும் சாலைகளும் அமைப்பது நோக்கம். 2020-இல் வெளியான தீவுகளின் வடிவமைப்புக்குப் பல்லுயிர் நகரம் என்று பொருள்படும் பயோடைவர்சிட்டி என்ற பெயரும் சூட்டப்பட்டது. 2019-இல் அளித்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஒப்புதலை, மீனவர்களின் மேல்முறையீட்டில் 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் ரத்து செய்தது. பிறகு புதிய மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. 2023 மே மாதம் திட்டம் ஒரே தீவாகச் சுருங்கும் என்று பிரதமர் அன்வார் இப்ராகிம் அறிவித்தார். சிலிக்கான் தீவு எனப்படும் அந்த ஒன்று 2,300 ஏக்கர். அந்த ஆண்டு செப்டம்பரில் தூர்க்கும் பணி தொடங்கியது. இலகு ரயிலை 2024-இல் மத்திய அரசே எடுத்துக்கொண்டது. ரயிலுக்குப் பணம் திரட்ட என்று சொல்லித் தொடங்கிய தீவு, ரயிலுக்கு வேறு பணம் வந்த பிறகும் தொடர்கிறது.

வழக்கமான பசுமை அட்டவணையில் இது எப்படித் தெரியும்? பொதுப் போக்குவரத்தில் பயணம் செய்வோர் விகிதம் உயர்ந்தால் நல்ல மதிப்பெண். தீவில் பசுமைச் சான்று பெற்ற கட்டடங்கள் எழுந்தால் இன்னும் மதிப்பெண். உயர்தொழில்நுட்ப ஏற்றுமதி கூடினால் இன்னும். கடலடிச் சேற்றுக்கு மட்டும் கட்டம் இல்லை.

கட்டம் போடும் முறை இல்லாமலில்லை. ஐ.நா. புள்ளியியல் ஆணையம் சுற்றுச்சூழல் பொருளாதாரக் கணக்கு முறையின் மையச் சட்டகத்தை 2012-இலும், சூழலமைப்புக் கணக்கை 2021 மார்ச்சிலும் ஏற்றது. அதன் முதல் ஏடு மிக எளியது: பரப்புக் கணக்கு. ஆண்டுத் தொடக்கத்தில் இந்தக் கரையோரக் கடற்படுகை எத்தனை ஹெக்டேர்? சேர்ந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, ஆண்டு முடிவில் இருப்பு எவ்வளவு? சிலிக்கான் தீவுக்கு அதை எழுதினால் கடற்படுகைப் பத்தியில் 930 ஹெக்டேருக்குச் சற்றே கூடுதலான இழப்பு வரும். கட்டப்பட்ட நிலப் பத்தியில் அதே அளவு வரவு வரும். அடுத்த ஏடு நிலைமைக் கணக்கு: மீதமுள்ள கடலின் கலங்கல், உயிர்வளி, மீன்குஞ்சுகளின் அடர்த்தி. மூன்றாவது ஏடு பயன் கணக்கு: அந்தக் கடல் மனிதருக்குத் தந்தது என்ன, யாருக்குத் தந்தது.

மூன்றாவதில்தான் சண்டை வரும். கரையோர மீனவரின் கண்ணாடியிழைப் படகு விடியுமுன் போய்க் காலையில் திரும்புகிறது. இறாலும் மீனும் கரையிலேயே விலைபோகின்றன. கரைவிலையை ஆண்டுக்கு இவ்வளவு என்று பெருக்கினால் ஒரு தொகை வரும். மனை விலைக்கு முன்னால் அது சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தொகை ஆண்டுதோறும் வருவது. பேரப்பிள்ளை காலத்திலும் வரக்கூடியது. மனையை ஒருமுறைதான் விற்க முடியும். ஒன்று இருப்பிலிருந்து வரும் வரவு. மற்றது இருப்பையே விற்ற வரவு. மொத்த உள்நாட்டு உற்பத்தி இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை. சூழலமைப்புக் கணக்கு அதைக் காண்பதற்காகவே உருவானது. மீனவருக்குத் தரும் இழப்பீட்டைச் செலவாக எழுதிக் கணக்கை முடித்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. இழப்பீடு ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைமுறைக்கானது. போன படுகை அவர்களுக்கு மட்டும் உரியதல்ல. தீவில் மீன் வாங்கிச் சமைக்கும் எல்லோருடையது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்தவர்கள் 68 பேர். அவர்களில் 52 பேர் பினாங்கில். கரையோர அலையாத்திக் காடுகளின் அருமை அப்போதுதான் பலருக்கு உறைத்தது. பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் அதற்கும் முன்பிருந்தே அலையாத்திக் கன்றுகளை நட்டுவந்தது. மீன்குஞ்சு வளரும் இடம் என்று தெரிந்து நட்டார்கள்; அலையைத் தடுத்ததும் அதே மரம். அந்த உழைப்புக்குக் கூலியும் இல்லை, தேசியக் கணக்கில் பதிவும் இல்லை.

நெகிழிப் பை விஷயத்தில் பினாங்கு முன்னோடி என்பதையும் சொல்லியாக வேண்டும். 2009-இல் திங்கள்கிழமைகளில் இலவசப் பை நிறுத்தப்பட்டது. 2011 ஜனவரி முதல் எல்லா நாளும் நிறுத்தப்பட்டது; வேண்டுமானால் அப்போது விலை 20 சென். வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்கும் விதி 2016 ஜூனில் வந்தது. இவை நல்ல செயல்கள், எண்ணவும் எளிது. எளிதாக எண்ண முடிவதே அவற்றை அறிக்கைகளில் முன்வரிசைக்குக் கொண்டுவருகிறது. ஆனால் மறுசுழற்சிக்குப் போகாத குப்பை போய்ச் சேரும் இடம் செபராங் பிறை தெற்கிலுள்ள பூலாவ் பூரோங் குப்பைக் கிடங்கு. 2022 ஜனவரியில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. சுற்றுக் கிராமத்தவர் இடம்பெயர நேர்ந்தது. அந்த ஆண்டின் மறுசுழற்சி விகிதத்தில் அந்தப் புகை ஒரு புள்ளியைக்கூடக் குறைத்திருக்காது.

உலகத் தரவரிசைகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்கள் வெளியிடும் சுற்றுச்சூழல் செயல்பாட்டுக் குறியீட்டில் மலேசியா 2020-இல் 68-ஆவது, 2022-இல் 130-ஆவது. இரண்டே ஆண்டில் ஒரு நாட்டின் காடும் காற்றும் அவ்வளவு கெட்டுவிடாது. மாறியது கணக்கிடும் முறை. 2050-இல் உமிழ்வு எவ்வளவு இருக்கும் என்ற கணிப்புக்குப் பெரிய எடை சேர்ந்தது. அந்த 2022 பட்டியலில் 180 நாடுகளில் கடைசியாக வைக்கப்பட்ட இந்தியா, அந்த முறையையே மறுத்து அறிக்கை விட்டது. இப்படிப்பட்ட பட்டியல்களால் தலைப்புச் செய்தி கிடைக்கும். ஒரு மாநில அதிகாரி திங்கட்கிழமை காலை எதை மாற்ற வேண்டும் என்ற வழிகாட்டல் கிடைக்காது.

அதைவிடப் பயனுள்ள கணக்கு ஒன்று பினாங்கின் வடக்கு எல்லையிலேயே ஓடுகிறது. பினாங்கின் குடிநீரில் சுமார் 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஆறு கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லை. அது பிறக்கும் உலு மூடா காடு கெடாவுக்குள், தாய்லாந்து எல்லையோரம். மலேசிய அரசமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் உரிமை. மரம் வெட்டினால் கெடாவுக்கு வருமானம். வெட்டாமல் விட்டால் பினாங்கின் ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் தண்ணீர். ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் தர வேண்டும் என்று கெடா கேட்டது. ஆற்று நீருக்கு விலை தர வேண்டியதில்லை என்று பினாங்கு மறுத்தது. இதற்கிடையில் பினாங்குவாசி ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் செலவழிக்கும் நீர் ஏறக்குறைய 280 லிட்டர்; நாட்டிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று.

பினாங்கைத் தனி மாநிலமாக அளந்தால், சிறிய நிலப்பரப்பில் இவ்வளவு உற்பத்தி செய்யும் திறமையான பொருளாதாரமாகத் தெரியும். கெடாவைத் தனியாக அளந்தால், காட்டை வைத்திருந்தும் வருமானம் குறைந்த மாநிலமாகத் தெரியும். ஆற்றுப்படுகையை ஒரே அலகாக வைத்து அளந்தால்தான், ஒன்றின் செழிப்பு மற்றதன் காட்டில் நிற்பது தெரியவரும். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு நிதி தரும் சூழலியல் நிதிப் பகிர்வு 2019 வரவுசெலவுத் திட்டத்தில் 6 கோடி ரிங்கிட்டோடு தொடங்கி, 2025-க்கு 25 கோடியாக உயர்ந்திருக்கிறது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்த தொகை அது. கெடா ஒரே காட்டுக்காக ஒரே அண்டை மாநிலத்திடம் கேட்டது 5 கோடி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தேவைக்கும் தருவதற்கும் உள்ள தூரம் புரியும்.

தொகையைப் பற்றிப் பேரம் பேசுமுன் இரு மாநிலங்களும் ஒரு சிறிய காரியம் செய்யலாம். பினாங்கு தன் ஆண்டு அறிக்கையில் தலைக்கு எத்தனை லிட்டர் நீர் செலவானது என்று எழுதுகிற பக்கத்திலேயே, அந்த ஆண்டு உலு மூடாவில் எத்தனை ஹெக்டேர் வெட்டப்பட்டது, பெடு, மூடா, ஆனிங் அணைகளின் நீர்மட்டம் மாதவாரியாக எப்படி இருந்தது என்பதையும் அச்சிடலாம். கெடா தன் மர வருமானத்தை எழுதும் பக்கத்தில், அந்த ஆற்றுநீரால் மூடா சமவெளியில் விளைந்த நெல்லையும் எல்லைக்கு அப்பால் ஓடிய ஆலைகளையும் எழுதலாம். இதற்குப் புதிய குறியீட்டெண் எதுவும் வேண்டாம். வனத்துறையிடமும் நீர் நிறுவனங்களிடமும் வேளாண் வாரியத்திடமும் ஏற்கெனவே உள்ள எண்களை ஒரே தாளில் சேர்த்து, ஆண்டுதோறும் ஒரே நாளில் இரு மாநிலமும் வெளியிட்டால் போதும்.